மாமனார் எதனால் செத்தார்

என் மனுசனுக்கு வைத்தியரிடம் போவதென்றால் கலியாண வீட்டுக்குப் போவது மாதிரி. காய்ச்சல் கொதித்தாலும் சரி, முதுகு பிடித்தாலும் சரி, முதலில் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும். பிறகு சவரம். பிறகு முதல் நாளே நான் அயர்ன் பண்ணி வைத்த சட்டை. முகத்துக்குப் பவுடர், காதுக்குப் பின்னால் சென்ட். எல்லாம் முடிந்த பிறகும் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுத்துக்கொண்டிருப்பார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் வருத்தக்காரனோ, மாப்பிள்ளையோ?" என்று கேட்பேன்.

"ரெண்டும்தான். உமக்கேன் எரியுது?"

எரியாமல் என்ன செய்யும்? வருத்தக்காரன் வருத்தக்காரன் மாதிரி இருந்தால்தானே வைத்தியருக்கு விளங்கும்! நான் வேலை செய்வது வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில், பராமரிப்பு வேலை. அங்கே இருக்கிற சுவிஸ்காரக் கிழவிகள் சின்ன விரல் நொந்தாலும் மணியை அடித்து ஊரைக் கூட்டுவார்கள். தலையும் இழுக்காமல், பல்லும் போடாமல், படுத்த கோலத்திலேயே வைத்தியரின் கையைப் பிடித்து, இஞ்சை நோகுது, அங்கை நோகுது என்று சொல்லுவார்கள். வைத்தியரும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்பார். இதையெல்லாம் வீட்டில் வந்து இவருக்குச் சொல்லுவேன். "அவையின்ரை நாடு, அவையள் முனகலாம்" என்பார்.

இந்தக் குளிக்கிற பழக்கம் ஊரில் இருந்து கொண்டுவந்தது என்றுதான் கன காலமாக நினைத்திருந்தேன். இல்லை. இங்கே பழகியது. இளந்தாரியாக அகதித் தஞ்சம் கேட்டு வந்த நாட்களில், இவரைக் கொண்டுபோய் விட்டது நிலத்துக்குக் கீழே, யன்னல் இல்லாத ஒரு பங்கரில். "குண்டுக்குப் பயந்து பங்கரை விட்டு ஓடி வந்தவனை இவங்கள் திரும்பவும் பங்கருக்குள்ளை விட்டாங்கள்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வந்தவுடன் மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையில் நிறுத்தி, நெஞ்சைப் படம் பிடித்து, தலையில் பேன் பார்த்து, மூக்கில் ஏறுகிற மணமுள்ள ஒரு தண்ணீரால் குளிக்கச் சொன்னார்களாம். அதற்குப் பிறகுதான் ஒரு வைத்தியர் வந்தாராம், கையுறையும் வாய்க்கவசமும் போட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு. இவர் வாழ்க்கையில் கண்ட முதல் சுவிஸ் வைத்தியர் அவர்.

பிறகு துன் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை. இவர் கிட்டப் போனால் பெரிய சமையல்காரன் மூக்கைச் சுளித்துக்கொண்டு யன்னலைத் திறப்பானாம். குளிர்காலத்திலும் திறப்பானாம். ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருப்பார்களாம். வீட்டுக்காரி படிக்கட்டில் கறி மணம் என்று முறைப்பாடு. அந்த நாட்களில் பேப்பரிலும் எங்களைப் பற்றி நல்லதாக ஒன்றும் எழுதுவதில்லை. நான் வந்து சேர்ந்தபோது இவர் கறி தாளிக்கும் நேரம் தன் கோட்டுகளை எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி அலுமாரியில் பூட்டுகிற ஆளாக இருந்தார். "நாறுறவன் எண்டு ஒருத்தனும் சொல்ல விடக்கூடாது" என்பதுதான் அவருடைய வேதம். பெரிய சமையல்காரனின் குசினியிலேயே பிறகு சமையல்காரனாகி, வின்டர்தூருக்கு மாறி வந்து நல்ல உணவகம் ஒன்றில் வேலை எடுத்து, மகளையும் படிப்பித்தாயிற்று. வேதம் மட்டும் மாறவில்லை.

போன வருடம் வசந்த காலத்தில்தான் நான் முதலில் கவனித்தேன். ஸ்டேசன் படியில் ஏறும்போது இவர் நடுவில் நின்று போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அழைப்பும் இல்லை, மெசேஜும் இல்லை, சும்மா பார்ப்பார். மூச்சு வாங்குவதை மறைக்கிற கள்ளம். எனக்கு விளங்காதா? எத்தனை கிழவர்களைத் தூக்கி இருத்துகிறேன்!

"ஏன் இப்பிடி மூச்சு வாங்குறியள்?"

"வயசு போகுதெல்லோ."

"அறுபது கூட ஆகேல்லை, என்ன வயசு?"

"வாயு. இஞ்சித் தண்ணி வைச்சுத் தாரும், சரியாயிடும்."

இஞ்சித் தண்ணீர் வைத்தேன். உள்ளித் தண்ணீர் வைத்தேன். ஓமம் அவித்துக் கொடுத்தேன். தோள்பட்டைகளுக்கு நடுவில் யாரோ கல்லை வைத்து அழுத்துகிறது மாதிரி என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். அன்றைக்கே நான் வைத்தியருக்குப் போன் போட்டு நேரம் எடுத்தேன்.

போகிற அன்று காலை, சொல்லவா வேண்டும்! அரை மணித்தியாலமாகக் குளியலறைக் கதவு பூட்டி. வெளியே வந்தால் மல்லிகைப்பூ மாதிரி மணக்கிறார், சட்டைக்கை மடிப்புக் கத்தி போல நிற்கிறது. முகத்தில் பவுடர். வைத்தியரின் அறைக்குள் போனதும் ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து வைத்து, கை கொடுத்து, சிரித்தார். எங்கள் குடும்ப வைத்தியர் நல்ல மனுசன். அதுதான் எனக்கு இன்னும் கொதி. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"எஸ் கோட்" என்றார் இவர். பரவாயில்லை, ஓடுது.

நான் காலால் இவரின் காலை மிதித்தேன். "கொஞ்சம் முதுகு நோகுது" என்றார். கொஞ்சமாம்! வைத்தியர் முதுகைத் தொட்டுப் பார்த்தார். வேலை என்ன என்று கேட்டார். குசினி என்றதும் தலையாட்டினார். நாள் முழுக்க நிற்கிற வேலை, பாரம் தூக்குகிற வேலை, தசைப் பிடிப்பு. இவரின் மெல்லிய உடம்பைப் பார்த்துப் பாராட்டவும் செய்தார். கொழுப்பு இல்லை, சிகரெட் இல்லை, குடி இல்லை, அருமை. பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அம்மா? ஊரில் இருந்தவ, வயது போய்ச் செத்தவ. அப்பா?

"இல்லை."

"எதனால் இறந்தவர்?"

என் மனுசன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "க்ரீக்" என்றார். சண்டை.

வைத்தியரின் முகம் வாடிவிட்டது. மன்னியுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கணினியில் எதையோ தட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? எனக்கும் அது பிழையாகப் படவில்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். மாமா சண்டையில் செத்தவர். எங்கள் ஆட்களைக் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்லுவார்கள். அந்த வருடங்களில் செத்த எல்லோருக்கும் ஒரே காரணம்தான்; அதற்குள்ளே போய் நெஞ்சா, ஈரலா, சீனி வருத்தமா என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு ஆளும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

வலிக் குளிசையும் முதுகுக்குப் பயிற்சியும் எழுதித் தந்தார். இவர் வெளியே வந்து, "பாத்தீரே, ஒண்டுமில்லை எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்று பெருமையடித்தார். பயிற்சிக்குப் போன இடத்தில் ரப்பர் பட்டியை இழுக்கச் சொன்னார்களாம். ஒழுங்காகப் போய் இழுத்தார். வந்து வேர்த்துக் கிடந்தார்.

கோடை முடிகிற நேரம் அது கூடிவிட்டது. தாடை உளைகிறது என்றார். பல் என்று நினைத்துப் பல் வைத்தியரிடம் போய் நல்ல பல்லைச் சுரண்டிக்கொண்டு வந்தார். சோறு பாதியில் இருக்கும். மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இவரைப் பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். மகள் வங்கியில் வேலை, அவளுடைய சுவிஸ் ஜெர்மன் இங்கே பிறந்த பிள்ளைகளின் ஜெர்மன். தமிழ் என்னுடைய தமிழ்.

"அம்மா, அப்பாவின்ரை நிறம் மாறியிருக்கு. கண்ணுக்குக் கீழை பாருங்கோ, சாம்பல் மாதிரி."

"கறுத்த ஆளிலை சாம்பல் நிறம் உனக்கும் எனக்கும்தானடி தெரியும். டொக்டருக்குத் தெரியுமே?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோவன்! அப்பா சிரிச்சுக்கொண்டிருந்தா அவைக்கு எப்பிடித் தெரியும்? கத்தச் சொல்லுங்கோ."

கத்தச் சொல்லுவது என்று அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் பேசி முடிவெடுத்தோம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். மகள் வைத்தியராக நடித்தாள். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனக வேண்டும். முனகத் தொடங்கினால் சிரிப்பு வந்துவிடும். "பிள்ளை, நான் என்ன நாடகமோ ஆடுறன்?" என்பார். "அப்பா, இது நாடகமில்லை. உங்களுக்கு உண்மையா நோகுது. நோகுதெண்டு நோகிற மாதிரிச் சொல்லுறதுக்கு என்ன?" என்று அவள் கண் கலங்கிவிட்டாள். அதைக் கண்டுதான் மனுசன் ஓம் என்றார்.

இந்த முறை நான் குளிக்க விடவில்லை. வேலை நடுவில் வலி வந்து, உணவக முதலாளியே வீட்டுக்குப் போகச் சொன்ன ஒரு மத்தியானம், நேராக ஸ்டேசனில் வைத்துப் பிடித்து வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வெங்காய மணத்தோடு, சமையல் காற்சட்டையோடு. வழிமுழுக்க என்னைத் திட்டினார். "இந்தக் கோலத்திலை ஆரும் டொக்டரிட்டைப் போவினமோ? மானத்தை வாங்கிறீர்." காத்திருக்கும் அறையில் ஆட்களுக்குத் தள்ளி, மூலையில் போய் இருந்தார்.

உள்ளே போனதும் மகள் சொல்லிக் கொடுத்தபடி செய்தார். பாவம், ஒரேயடியாகச் செய்துவிட்டார். நெஞ்சைப் பிடித்தார், தோளைப் பிடித்தார், தாடையைப் பிடித்தார், ஐயோ அம்மா என்று தமிழிலேயே கத்தினார். "ஆல்லெஸ் டூட் வே, எல்லாம் நோகுது, எல்லாம்!" என்றார். இத்தனை வருடமாக எஸ் கோட், எஸ் கோட் என்று விழுங்கியது எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. கண்ணீரும் வந்தது. அது நடிப்பில்லை. எனக்குத் தெரியும், அது நடிப்பில்லை.

வைத்தியர் இவரின் தோளில் கை வைத்தார். தண்ணீர் கொடுத்தார். இரத்த அழுத்தம் பார்த்தார்; கொஞ்சம் கூட, ஆனால் பதற்றத்தில் கூடுவது வழமை என்றார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, அக்கறையாக, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். உங்கள் நாட்டு ஆட்களிடம் துயரம் உடம்பில் வலியாக வருவதுண்டு. இதைப் பற்றித் தான் ஒரு பயிற்சிக்கும் போயிருக்கிறார். தகப்பனைச் சண்டையில் இழந்தவர். வயது போகப்போக அந்தப் பழைய காயம் திறக்கும். மனதை ஆற்றுகிற குளிசை தருகிறேன், கதைத்து ஆற்றுகிற ஒருவரிடமும் அனுப்புகிறேன். நல்ல தமிழ் மொழிபெயர்ப்பாளரும் ஒழுங்கு செய்யலாம்.

நான் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அவர் அவ்வளவு அன்பாகச் சொன்னார். இந்தத் தேசத்தில் எங்களுடைய சண்டையைப் பற்றி இரக்கத்தோடு பேசுகிற ஒரு வெள்ளைக்காரரிடம் எப்படி எரிந்து விழுவது? என் மனுசன் கண்ணைத் துடைத்துவிட்டு, தாங்கியூ டொக்டர் என்றார். வெளியே வந்ததும் வெட்கத்தில் என்னைப் பார்க்கவில்லை. "இப்ப திருப்தியோ உமக்கு? விசரன் எண்டு எழுதியாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வைத்தியர் என்ற சொல்லையே எடுக்க விடவில்லை. அந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு அமைதியாக இருந்தார். அமைதி என்றால் ஒரு மந்தம். நான் பாட்டுக்கு ஏசினால் பதிலுக்கு ஏசவும் மாட்டார். இவர் பதிலுக்கு ஏசாத வீடு எனக்கு வீடாகவே இருக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் கீழே நிலவறையில், எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு வீடு ஒரு நாள் என்று முறை, எங்களுக்குப் புதன்கிழமை. இவருக்கும் புதன்தான் லீவு. காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு இவர்தான் இறங்குவார், குனிந்து தூக்க விடாத என் நாரி நோவுக்கு இரங்கி. அந்தப் புதனும் போனார். நான் பருப்பை அடுப்பில் வைத்தேன். பருப்பு அவிந்து, தாளித்தும் விட்டேன், ஆளைக் காணவில்லை. மேல்வீட்டுக் கிழவனோடு அலட்டிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். நல்லாக் கிழித்துவிட வேண்டும் என்று வாயில் சொல்லை எடுத்துவைத்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார், முதுகைச் சுவரில் சாய்த்தபடி. மடியில் ஈரப் படுக்கை விரிப்பு. நான் பேசினேன். இன்னும் கொஞ்சம் பேசினேன். கன்னத்தைத் தொட்டபோதுதான் தெரிந்தது. நான் கத்திய கத்தலில் கட்டடம் முழுக்க இறங்கி வந்தது. அம்புலன்ஸ்காரர் வந்து அந்தச் சிமெந்து நிலத்தில் வைத்தே நெஞ்சை அமத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் அமத்தினார்கள். நானும் அந்த வேலை பழகியவள்தான். எப்போது அமத்துவதை நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் வைத்தியர் எங்களைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் எல்லாம் அடைபட்டிருந்தனவாம். ஒரு நாளில், ஒரு மாதத்தில் வருவதில்லையாம், வருடக்கணக்காக வருவதாம். "அவருக்கு முறைப்பாடு ஒன்றும் இருக்கவில்லையா?" என்று கேட்டார். மகள் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அவளிடம் முன்னே பின்னே கேட்டதில்லை.

தெற்காசிய ஆட்களுக்கு இந்த வருத்தம் வேளைக்கே வரும், மெல்லிய உடம்புக்காரருக்கும் வரும், பரம்பரையில் இருக்கிறது என்று அந்தப் பெண் விளங்கப்படுத்தினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இதயத்தில்? "இல்லை," என்றாள் மகள், "அப்பப்பா சண்டையில் செத்தவர்."

பரம்பரையாம்! எங்களுடைய இரத்தத்தில் என்ன, முன்பிறப்புச் சாபமா ஓடுகிறது? வேலை செய்யத் தடை என்று சொல்லி இளந்தாரி வயதில் நிலத்துக்குக் கீழே இருத்தி வைத்தது எந்தப் பரம்பரை? பிறகு விடியப் பஸ் துடைக்கிற வேலை, பின்னேரம் கோப்பை கழுவுகிற வேலை, மிஞ்சின உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றுவிட்டுக் கடைசி ரயிலில் தூங்கி வந்தது எந்தப் பரம்பரை? விசா புதுப்பிக்கிற நேரம் வருத்தம் என்று லீவு எடுத்தால் வேலை போய்விடும், வேலை போனால் விசா போய்விடும் என்று காய்ச்சலோடும் போனாரே! அவருடைய தாயும் தாயின் தாயும் கூப்பனுக்குக் கிடைத்த மாவிலும் மரவள்ளியிலும் வளர்ந்தவர்கள். அந்தப் பசியெல்லாம் குழாய்க்குள் போய்ப் படிந்திருக்கும் என்றால் அதற்கு நான் ஓம் சொல்லுவேன். ஆனால் அதற்குப் பெயர் பரம்பரை இல்லை. இதை எல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. தலையாட்டினேன்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, ஊரில் இருந்து மச்சாள், இவரின் மூத்த தமக்கை, வீடியோவில் வந்தா. இவரின் படத்தைக் கண்டதும் நெஞ்சில் அடித்து அழத் தொடங்கினா. "அப்பரைப் போலவே போயிட்டானே! அப்பரைப் போலவே போயிட்டானே என்ரை தம்பி!"

"என்ன மச்சாள் சொல்லுறியள்? மாமா சண்டையிலை, செல் குண்டு பட்டெல்லோ செத்தவர்?"

"ஆர் சொன்னது செல் பட்டதெண்டு?"

நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

மச்சாள் சொன்னா. சனமெல்லாம் ஊரை விட்டு நடந்த நேரம், மழை, அசைய இடமில்லாத தெரு. அப்பர் சைக்கிளில் மூட்டை கட்டி உருட்டிக்கொண்டு வந்தவர். அதற்குக் கன மாதம் முதலே அவருக்கு ஏலாது. சந்தைக்குப் போனால் வேலிக்கு வேலி நின்று மூச்சு வாங்குவாராம், தெரிந்தவர்களைக் கண்டால் கதைக்க நின்ற மாதிரி நடிப்பாராம். ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து வரவில்லை, அரசாங்கத்தின் தடை என்று திருப்பி விடுவார்கள். வாயு என்று அவரும் சொல்லிக்கொண்டார். அந்தத் தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் மதவில் குந்தி, கொஞ்சம் தண்ணி தா பிள்ளை என்று கேட்டவர், தண்ணீர் வரமுன்னமே சரிந்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு செல்லும் விழவில்லை. பெரியப்பரும் முந்தியே அப்பிடித்தான் போனவர், தோட்டத்துக்குள்ளை.

"இவருக்கு ஒருதரும் சொல்லேல்லையோ?" என்றேன்.

"எப்பிடிச் சொல்லுறது? போன் இருந்ததோ, கடிதம் போனதோ? கொழும்பாலை போன ஒராளிட்டை, இடம்பெயரேக்கை அப்பர் செத்துப்போட்டார் எண்டு சொல்லி அனுப்பினாங்கள். அவ்வளவுதான். அவன் சண்டையெண்டு நினைச்சிருப்பான். நினைச்சதிலை என்ன பிழை? மருந்து இருந்திருந்தா அப்பர் செத்திருப்பாரோ? சண்டைதான் அவரைக் கொண்டுபோனது."

பிழையில்லைத்தான். என் மனுசன் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு உண்மையான பதில்தான் முதல் தரம் இவரின் நெஞ்சைப் பார்க்க விடாமல் செய்தது. இரண்டாம் தரம் இவரின் நெஞ்சில் இருந்த வலியைத் தலைக்கு ஏற்றியதும் அதே பதில்தான். அழுகையைவிட எனக்கு அந்த நேரம் வந்தது ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். மச்சாளுக்கு வணக்கம் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

திரும்ப வேலைக்குப் போனபோது, நான் பராமரிக்கிற ஒரு இத்தாலிக்காரி, தொண்ணூறை நெருங்கினவ, என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டா. கால் கழுவிக்கொண்டே எல்லாம் சொன்னேன். இவர் வைத்தியரிடம் கத்தினதையும் சொன்னேன். கிழவி சிரித்தா, கசப்பாக. தாங்கள் இங்கே தறி ஆலைக்கு வந்த காலத்தில் எல்லையில் உடுப்பைக் கழற்றி வரிசையில் நிறுத்தித்தான் உள்ளே விட்டார்களாம், மாடு பார்க்கிற மாதிரி. பிறகு ஆலையில் வயிறு நோகுது, நெஞ்சு நோகுது என்று வைத்தியரிடம் அழுதால் அதற்கு வைத்தியர்கள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்களாம், மாம்மா மியா வருத்தம், ஐயோ அம்மா வருத்தம் என்று. தெற்கத்தி ஆட்கள் சும்மா கத்துவார்கள் என்று அர்த்தம். கிழவியின் தமக்கை குடல் வெடித்துச் செத்ததும் அந்தப் பெயரோடுதானாம்.

நான் காலைத் துடைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் வந்து இறங்க முன்னமே எங்களுக்கும் இங்கே ஒரு பெயர் தயாராக இருந்திருக்கிறது. கத்தாதவன் சுகமாக இருக்கிறான், கத்துகிறவன் நடிக்கிறான். இரண்டுக்கும் நடுவில் என் மனுசன் எந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டும்? இதை நான் இன்னும் ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன், சட்டி கழுவும்போது, பஸ்ஸில் இருக்கும்போது.

மகளை நான் விடவில்லை. பெரியப்பர், அப்பர், இவர். அடுத்தது யார்? "எனக்கு ஒண்டுமில்லை அம்மா, நான் ஓடுறன், ஜிம்முக்குப் போறன்" என்றாள். கொப்பரும் அப்பிடித்தான் சொன்னவர், வாயைப் பொத்திக்கொண்டு வெளிக்கிடு என்றேன். பழைய வைத்தியரிடம் போகவில்லை. வேறு ஒருவரிடம் நேரம் எடுத்தேன், ஒரு பெண். காலையிலேயே நேரம் கிடைத்தது. மகள் வேலைக்குப் போகிற உடுப்போடு வந்தாள்.

அந்த வைத்தியர் கேட்டதற்கு மகள் சாதாரணமாக, நேரம் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். தகப்பன், இதயம். தகப்பனின் தகப்பன், இதயம். அவரின் தமையன், அதுவும் இதயம். அவ்வளவுதான் சொன்னாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வைத்தியர் உடனே எழும்பித் தாதியைக் கூப்பிட்டார். ஒரு சின்னப் பெட்டியைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்தாள் தாதி, வயர்கள் தொங்க. மகளின் நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒட்டுகள் ஒட்டினாள். ஆடாமல் படுங்கோ என்றாள். பெட்டி முணுமுணுத்தது. கோடு போட்ட ஒரு தாள் வெளியே வந்தது. வைத்தியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். தாதி ஒட்டுகளை உரித்தாள். மகள் எழும்பிச் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினாள்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது."

"உவ்வளவுதானோ?"

"ஓம், அம்மா. ஈ.சி.ஜி. அவ்வளவுதான். ஏன்?"

வெளியே மெஷினில் எடுத்துக்கொண்டு வந்த தேத்தண்ணி என் கையில் இன்னும் குடிக்க முடியாத சூட்டில் இருந்தது. நான் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே மாதிரி ஒன்று பழைய வைத்தியரின் அறையிலும் நின்றது, கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில். முதல் தரம் போன அன்று இவர் ஜாக்கெட்டை மடித்து அதற்கு மேல்தான் வைத்தார். எழும்பும்போது, அதைத் தொட்டதற்கு வைத்தியரிடம் மன்னிப்பும் கேட்டார்.